வறுமையை எண்ணிப் பார்த்த வணிகர்

நகரத்து ஏழைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகளே காதில் விழும். குடியும் சோம்பலும் ஊதாரித்தனமும்தான் அவர்களை அந்த நிலையில் வைத்திருக்கின்றன என்பது ஒன்று. சமூக அமைப்பே அவர்களைச் சுரண்டுகிறது என்பது மற்றொன்று. முதல் தீர்ப்பைச் சொல்பவர் எத்தனை ஏழைகளின் கதையை விசாரித்தார் என்று கேட்டால் பதில் வராது. இரண்டாவது தீர்ப்பைச் சொல்பவரும் பல நேரங்களில் அப்படித்தான். இந்த வழக்கை நியாயமாக விசாரிக்க வேண்டுமானால் முதலில் கணக்கு வேண்டும் என்று கருதி, தம் வாழ்நாளில் 17 ஆண்டுகளையும் சொந்தப் பணத்தையும் அதற்கே செலவிட்டவர் சார்லஸ் பூத். கல்லூரியில் வறுமைக் கோடு பற்றிய பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் நான் முதலில் சொன்ன பெயர் அவருடையதுதான்.

பூத் என்றதும் பலருக்கு இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத்தின் நினைவு வரும். இருவரும் சமகாலத்தவர், இருவரும் லண்டன் ஏழைகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்கள். பெயர் ஒற்றுமையைத் தவிர வேறு உறவில்லை. வில்லியம் மதபோதகர். சார்லஸ் கப்பல் முதலாளி. கணக்குப் புத்தகத்தையும் சரக்குப் பட்டியலையும் படித்துப் பழகியவர். அந்தப் பழக்கத்தைத்தான் அவர் வறுமையின் பக்கம் திருப்பினார்.

1840 மார்ச் 30 அன்று லிவர்பூல் நகரில், தானிய வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் பூத். குடும்பம் யூனிட்டேரியன் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. சடங்கைவிட மனச்சான்றுக்கும் பொதுக் கடமைக்கும் முதன்மை தரும் பிரிவு அது. 16 வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. பல்கலைக்கழகத்தை அவர் மாணவராக மிதித்ததில்லை. கப்பல் நிறுவனம் ஒன்றில் தொழில் பழகினார். 1860இல் தந்தை இறந்தார். கிடைத்த பங்கை முதலாக வைத்து அண்ணன் ஆல்ஃபிரட்டுடன் தோல் வணிகத்தில் இறங்கினார். 1866இல் லிவர்பூலுக்கும் வட பிரேசில் துறைமுகங்களுக்கும் இடையே நீராவிக் கப்பல் போக்குவரத்தைத் தொடங்கினார். பின்னாளில் அவர் ஏழைகளைப் பற்றி எழுதிய ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆன செலவை ஏற்றது இந்தத் தொழிலே.

1865 பொதுத் தேர்தலில் லிபரல் கட்சிக்காக லிவர்பூலின் டாக்ஸ்டெத் பகுதியில் வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்டார். தாம் பிறந்த ஊரிலேயே, தம் வீட்டுக்கு நடந்து செல்லும் தொலைவில், மனிதர்கள் இப்படியும் வாழ்கிறார்களா என்ற அதிர்ச்சி அந்த வீதிகளில்தான் அவருக்கு ஏற்பட்டது. மதநம்பிக்கை மெல்ல விலகியது. மனித சமூகத்தையும் அறிவியல் முறையில் ஆராய முடியும் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஆகஸ்ட் காம்ட்டின் கருத்து அவரை ஈர்த்தது.

1871இல் மேரி மெக்காலேயை மணந்தார். நமக்கு நன்கு அறிமுகமான பெயர்தான். இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வழிவகுத்த குறிப்பை எழுதிய தாமஸ் பாபிங்டன் மெக்காலேயின் தம்பி மகள் அவர். நன்கு படித்தவர், கூர்மையான விமர்சகர். கணவர் எழுதிய தொகுதிகளைத் திருத்திச் செம்மைப்படுத்தியவர். பூத் மறைந்தபின் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதி வெளியிட்டவரும் அவரே. மணமான சில ஆண்டுகளில் கடும் உழைப்பால் பூத்தின் உடல்நலம் குலைந்தது. சுவிட்சர்லாந்தில் ஓய்வெடுத்துத் திரும்பியபின் குடும்பம் லண்டனில் குடியேறியது.

அப்போதைய லண்டன் உலகின் மிகப் பெரிய நகரம். மிகப் பெரிய பேரரசின் தலைநகரம். அந்தத் தலைநகரத்தின் கிழக்குப் பகுதியில் என்ன நடக்கிறது என்பது மேற்குப் பகுதியில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியாது. அங்கே போய்வந்த செய்தியாளர்களும் பாதிரிமார்களும் எழுதிய உருக்கமான கதைகளே அவர்களுடைய அறிவு. 1880களின் நடுவில் தொழில் மந்தம் வந்தது. 1886 பிப்ரவரியில் வேலையற்றோர் கூட்டம் ஒன்று கலவரமாக மாறி, மேற்கு லண்டனின் செல்வர் வீதிகளில் கண்ணாடிகள் நொறுங்கின. பரிதாபம் பயமாக மாறிய காலம் அது.

லண்டன் தொழிலாளர்களில் கால் பங்கினர் கொடிய வறுமையில் இருக்கிறார்கள் என்று சோசலிஸ்டுகள் சொன்னதாகவும், அது மிகைக் கூற்று என்று காட்டுவதற்கே பூத் ஆய்வில் இறங்கியதாகவும் ஒரு கதை பாடநூல்களில் திரும்பத் திரும்ப வரும். கதை சுவையானதுதான், ஆனால் அதற்குப் போதிய சான்று இல்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள தொழில் விவரங்களை வைத்து அவர் முன்பே ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அந்த விவரங்கள் எவ்வளவு குறைபாடுள்ளவை என்று கண்ட அதிருப்தியே அவரைக் களத்துக்கு இழுத்தது என்று கொள்வது பொருத்தம்.

1886இல் வேலை தொடங்கியது. பகலில் கப்பல் அலுவலகம். மாலையிலும் இரவிலும் ஆய்வு. முதல் சிக்கல், பல லட்சம் குடும்பங்களின் நிலையை எப்படி அறிவது என்பது. ஒவ்வொரு கதவையும் தட்டுவது இயலாத காரியம். பூத் கண்ட வழி எளிமையானது. 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின்படி லண்டனில் பள்ளி வாரியம் ஒன்று இயங்கியது. பள்ளிக்கு வர வேண்டிய பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகச் செல்லும் பணியாளர்கள் அதற்கு இருந்தனர். எந்த வீட்டில் யார் இருக்கிறார், தந்தைக்கு என்ன வேலை, எத்தனை அறைகள், பிள்ளைகள் செருப்பில்லாமல் வருகிறார்களா என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. பூத்தும் உதவியாளர்களும் அந்தப் பணியாளர்களை உட்காரவைத்து, தெருத் தெருவாக, வீடு வீடாகக் கேட்டுக் குறிப்பேடுகளில் எழுதினர். பிறகு காவலர்கள், ஏழையர் நிவாரண அலுவலர்கள், பாதிரிமார்கள் ஆகியோரின் தகவல்களோடு அதை ஒப்பிட்டுச் சரிபார்த்தனர்.

இவ்வளவும் இரண்டாம் கைத் தகவல்கள்தானே என்ற உறுத்தல் அவருக்கும் இருந்தது. அதனால் அடையாளத்தைக் காட்டிக்கொள்ளாமல், கிழக்கு லண்டனில் தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளில் வாரக்கணக்கில் வாடகைக்குத் தங்கினார். அவர்கள் உண்டதை உண்டார். கப்பல் முதலாளி ஒருவர் இப்படிச் செய்தது அன்றைக்கு அபூர்வம். வறுமை என்றாலே இருட்டும் குற்றமும்தான் என்ற எண்ணத்தை அந்த வாரங்கள் கலைத்தன. குறைந்த கூலியிலும் ஒழுங்காக, அன்பாக வாழும் வீடுகளைக் கண்டார். அதைப் பதிவும் செய்தார்.

அவரைச் சுற்றி ஒரு சிறந்த குழு அமைந்தது. மேரியின் உறவினரான பியட்ரிஸ் பாட்டர் கப்பல்துறைத் தொழிலாளர்களையும் தையல் தொழிலையும் ஆராய்ந்தார். பின்னாளில் பியட்ரிஸ் வெப் என்ற பெயரில் கணவர் சிட்னியுடன் லண்டன் பொருளாதாரப் பள்ளியை உருவாக்கியவர்களில் ஒருவர் இவர். கிளாரா கோலெட் பெண்களின் உழைப்பைப் பற்றி எழுதினார். ஹியூபர்ட் லெவெலின் ஸ்மித், எர்னஸ்ட் ஏவ்ஸ் போன்ற இளைஞர்கள் தொழில்களையும் குடிபெயர்வையும் ஆராய்ந்தனர். இவர்களில் பலர் பின்னர் அரசின் தொழிலாளர் கொள்கையை வகுக்கும் இடங்களில் அமர்ந்தனர். ஒரு தனிமனிதரின் ஆய்வு ஒரு தலைமுறை நிர்வாகிகளுக்குப் பயிற்சிக்கூடமாக அமைந்தது.

1889இல் முதல் தொகுதி வெளிவந்தது. கிழக்கு லண்டனும் ஹேக்னியும் சேர்ந்த சுமார் 9 லட்சம் மக்களில் 35 சதவீதத்தினர் வறுமையில் இருந்தனர். பின்னர் ஆய்வு நகரம் முழுவதற்கும் விரிந்தபோது கிடைத்த எண் 30.7 சதவீதம், அதாவது ஏறத்தாழ 13 லட்சம் பேர். செல்வம் கொழித்த தலைநகரத்தில் மூவரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் ஏழை. கால் பங்கு என்ற கூற்றை மிகை என்று நினைத்தவர்கள் அது குறை என்று உணர வேண்டியதாயிற்று.

ஏழை என்று யாரைச் சொன்னார்? நடுத்தர அளவுள்ள ஒரு குடும்பத்துக்கு வாரத்துக்கு 18 முதல் 21 ஷில்லிங் வரை சீரான வருமானம் இருந்தால் அது ஏழைக் குடும்பம். அதற்கும் கீழே இருந்தால் மிக ஏழை. மக்களை ஆங்கில நெடுங்கணக்கின் வரிசையில் எட்டு வகுப்புகளாகப் பிரித்தார். அடித்தட்டில், எப்போதாவது வேலை செய்பவர்களும் குற்றத்தின் விளிம்பில் இருப்பவர்களும் என்று அவர் கருதிய முதல் வகுப்பு 0.9 சதவீதம். அன்றாடக் கூலியை நம்பிய மிக ஏழைகளின் இரண்டாம் வகுப்பு 7.5 சதவீதம். ஒழுங்கற்ற வருமானமோ, ஒழுங்கானாலும் போதாத வருமானமோ உள்ள மூன்றாம், நான்காம் வகுப்புகள் சேர்ந்து 22.3 சதவீதம். இதில் ஒரு செய்தி உண்டு. சமூகத்தை விழுங்க வரும் பெரும் கும்பல் என்று செல்வர்கள் நடுங்கிய அந்த அடித்தட்டு, நூறில் ஒருவர்கூட இல்லை. பயத்தின் அளவைக் கணக்கு குறைத்தது. துயரத்தின் அளவைக் கூட்டியது.

பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த மொத்த எண் அன்று. வறுமைக்கு என்ன காரணம் என்று அவர் போட்ட ஒரு சிறிய அட்டவணையே. அடியில் உள்ள இரு வகுப்புகளிலிருந்து சுமார் 1,600 குடும்பங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் நிலைக்கும் முதன்மைக் காரணத்தைத் தேடினார். வேலை செய்ய மனமில்லாதவர்கள் 4 சதவீதம். குடியும் ஊதாரித்தனமும் 14 சதவீதம். நோய், பெரிய குடும்பம் போன்ற சூழ்நிலைகள் 27 சதவீதம். எஞ்சிய 55 சதவீதம் வேலை தொடர்பானவை. நிலையற்ற வேலை, குறைந்த கூலி, சிறு தொழிலில் ஆதாயமின்மை. அடுத்த இரு வகுப்புகளில் சுமார் 2,500 குடும்பங்களை ஆராய்ந்தபோது வேலை தொடர்பான காரணங்கள் 68 சதவீதமாக உயர்ந்தன. குடியும் ஊதாரித்தனமும் 13 சதவீதம்தான். சூழ்நிலைக் காரணங்கள் 19 சதவீதம்.

ஏழையின் குணத்தில் தேடப்பட்டுவந்த காரணம், கூலிச் சந்தையின் வாசலில் கிடைத்தது. பூத்தின் குழு அந்த வாசலையும் விவரித்தது. லண்டன் கப்பல்துறையின் வாயிலில் தினமும் காலையில் ஆட்கள் திரள்வார்கள். கப்பல் வந்தால் வேலை; காற்றும் பனியும் கப்பலைத் தடுத்தால் பட்டினி. வேலைக்குத் தேவையானதைவிட எப்போதும் அதிகம் பேர் நின்றனர். அந்த மிகைதான் கூலியைக் கீழே அழுத்தியது. நாளை வேலை கிடைக்கலாம் என்ற நம்பிக்கையில் துறைமுகத்துக்கு நடக்கும் தொலைவிலேயே குடியிருக்க வேண்டும். எல்லாரும் அங்கேயே குடியிருக்க விரும்பினால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் இரண்டு குடும்பங்கள் ஓர் அறையில் ஒண்டும். கணவரின் வருமானம் நிலையற்றதால் மனைவி வீட்டிலிருந்தபடி தீப்பெட்டி ஒட்டவும் துணி தைக்கவும் எந்தக் கூலிக்கும் சம்மதிப்பார். அந்தச் சம்மதம் அடுத்த வீட்டுப் பெண்ணின் கூலியையும் குறைக்கும். குடிகாரனோ சோம்பேறியோ இல்லாமலேயே இந்தச் சக்கரம் சுழன்றது.

முதல் தொகுதி வெளியான அதே 1889இன் ஆகஸ்ட் மாதத்தில் லண்டன் கப்பல்துறைத் தொழிலாளர்கள் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். சுமார் ஐந்து வாரங்களில் வென்றனர். அந்த வெற்றியைப் பூத்தின் புத்தகத்தின் கணக்கில் எழுதுவது சரியன்று. ஆனால், திறனற்ற கூலிகள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பக்கம் நடுத்தர வகுப்பின் அனுதாபம் திரும்பிய காலத்தில், அவர்களின் வேலையைப் பற்றிய நம்பகமான விவரம் அச்சில் இருந்தது.

அவரது பெயரை அழியாமல் வைத்திருப்பது வரைபடம். லண்டனின் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நிறம் தீட்டினார். செல்வர் வீதி மஞ்சள், வசதியான நடுத்தர வகுப்பு சிவப்பு, ஓரளவு வசதி இளஞ்சிவப்பு, ஏழையும் வசதியுள்ளவரும் கலந்த தெரு ஊதா, ஏழைத் தெரு வெளிர்நீலம், மிக ஏழை கருநீலம், அடித்தட்டு கறுப்பு. அந்தப் படத்தைப் பார்க்கும் எவருக்கும் முதலில் புலப்படுவது, வறுமை கிழக்கில் மட்டும் இல்லை என்பதே. மஞ்சள் வீதிக்குப் பின்புறச் சந்தில் கருநீலம் ஒளிந்திருந்தது. இருப்புப்பாதையும் கால்வாயும் தொழிற்சாலையும் சூழ்ந்து, வெளியே போக வழி குறைந்த மூலைகளில் நிறம் கறுத்தது. நகரத்தின் அமைப்பே வறுமையை ஓரிடத்தில் தேக்கிவைக்கும் என்பதைப் பக்கம் பக்கமாக எழுதாமல் நிறத்தால் காட்டினார். 1890களின் இறுதியில், ஜார்ஜ் டக்வொர்த் முதலிய உதவியாளர்கள் காவலர்களுடன் தெருத் தெருவாக நடந்து அந்தப் படத்தைப் புதுப்பித்தனர்.

ஆய்வு மூன்று வரிசைகளாக வளர்ந்தது: வறுமை, தொழில், மதத்தின் செல்வாக்கு. 1902-03இல் நிறைவுபெற்ற பதிப்பு 17 தொகுதிகள். இடையில், 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாகச் சிறு வீடுகளின் அறைகளும் எண்ணப்பட்டபோது, அந்த விவரத்தைக் கொண்டு தம் எண்ணைத் தாமே சோதித்தார். ஓர் அறைக்கு இருவரும் அதற்கு மேலும் நெருங்கி வாழ்ந்தோரின் விகிதம் 31 சதவீதத்தை ஒட்டி இருந்தது. வேறு வழியில் சென்று கிட்டத்தட்ட அதே விடையை அடைவது ஆய்வாளருக்குக் கிடைக்கும் பெரிய நிம்மதி. முறையான கல்வித் தகுதி ஏதும் இல்லாத அவரைப் புள்ளியியல் கழகம் தன் தலைவராக ஏற்றது. அரசக் கழகம் உறுப்பினராக்கியது.

ஆனால், எண்ணுபவரின் கண்ணும் ஒரு வகுப்பின் கண்தான். பூத்தின் மதிப்பில் குறைவில்லாமலே இதைச் சொல்லலாம். கறுப்பு நிறத்துக்கு அவர் தந்த விளக்கத்தில் வருமானம் மட்டும் இல்லை; ஒழுக்கத் தீர்ப்பும் இருந்தது. வருமானத்தை எண்ணினார், ஒழுக்கத்தை எடைபோட்டார். முதலாவது சரிபார்க்கக்கூடியது, இரண்டாவது, தகவல் தந்த காவலரின் மனநிலையைப் பொறுத்தது. எல்லாரையும் கேட்டவர், ஏழைகளை மட்டும் அவர்கள் நிலையைப் பற்றி நேரடியாகக் கேட்டது குறைவு.

இதன் விளைவு அவரது பரிந்துரை ஒன்றில் தெரிகிறது. அன்றாடக் கூலியை நம்பிய இரண்டாம் வகுப்பினர் குறைந்த கூலிக்குப் போட்டியிட்டு மேலே உள்ள ஏழைகளையும் கீழே இழுக்கிறார்கள் என்று பூத் கருதினார். அவர்களை நகரத்திலிருந்து அகற்றி, அரசின் கண்காணிப்பில் உழைப்புக் குடியிருப்புகளில் வைத்தால் மற்றவர்களின் நிலை உயரும் என்று எழுதினார். அவர் சோசலிஸ்ட் அல்லர்; தனிமனித முயற்சியில் நம்பிக்கை கொண்ட முதலாளி. பெரும்பான்மையினரின் சுதந்திரச் சந்தையைக் காப்பதற்காக ஒரு சிறுபான்மையை அரசின் பொறுப்பில் விடுவது அவருக்கு முரணாகத் தோன்றவில்லை. வேலை இல்லாததுதான் காரணம் என்று தம் அட்டவணையே சொல்லும்போது, வேலையை ஒழுங்குபடுத்தாமல் மனிதர்களை இடம்பெயர்க்கச் சொன்னது அந்த அட்டவணைக்கே பொருந்தாது. நல்லவேளையாக அந்தப் பரிந்துரை நிறைவேறவில்லை.

இடம்பெயர்ப்பு எப்படி முடியும் என்பதற்கு அவர் காலத்து லண்டனிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வரைபடத்தில் கறுப்பாக இருந்த ஓல்ட் நிக்கல் என்ற குடியிருப்பை லண்டன் மாநகர மன்றம் 1890களில் இடித்து, அங்கே பவுண்டரி எஸ்டேட் என்ற அழகிய அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டி, 1900இல் திறந்தது. அந்த இடிப்புக்குப் பூத் காரணம் அல்லர். அங்கே நிலவிய இறப்பு விகிதமே காரணமாகச் சொல்லப்பட்டது. வீடுகள் மேம்பட்டன. ஆனால், வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 5,700 பேரில் புதிய வீட்டுக்குத் திரும்பியவர்கள் ஒரு டஜன்கூட இல்லை. புதிய வாடகை அவர்களுக்கு எட்டவில்லை. அவர்கள் அருகிலிருந்த தெருக்களுக்குச் சென்று அங்கே நெரிசலைக் கூட்டினர். கறுப்பு அழிந்தது, பக்கத்துத் தெரு கறுத்தது.

பூத்தைப் பெரியவராக்குவது அவரது இன்னொரு பரிந்துரை. ஸ்டெப்னி பகுதியில், ஏழைகளை அடைத்து வேலை வாங்கிச் சோறிடும் நிவாரண விடுதியில் இருந்தோரின் பதிவுகளை ஆராய்ந்தார். அங்கு வந்து சேர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு முதுமையே முதன்மைக் காரணம், அடுத்தது நோய். குடியால் வந்தவர்கள் ஏறத்தாழ எட்டில் ஒருவர். வாழ்நாளெல்லாம் உழைத்தவர்கள் கை தளர்ந்ததும் அவமானத்தின் வாசலில் நிற்கவேண்டியிருந்தது. முதுமை யாருடைய குற்றமும் அன்று. எனவே 65 வயதான எல்லாருக்கும், ஏழை பணக்காரர் என்ற விசாரணையே இல்லாமல், வாரம் 5 ஷில்லிங் அரசு ஓய்வூதியம் தர வேண்டும் என்று 1891இல் புள்ளியியல் கழகத்தில் முன்மொழிந்தார்.

அன்றைக்கு அது துணிச்சலான பேச்சு. தகுதியுள்ள ஏழை, தகுதியற்ற ஏழை என்று பிரித்து உதவிய அறநிறுவனங்கள் அதைக் கடுமையாக எதிர்த்தன. சேமிக்கும் பழக்கம் கெட்டுவிடும் என்றனர். செலவு தாங்காது என்றனர். பூத் பின்வாங்கவில்லை. எல்லாருக்கும் கொடுத்தால்தான் வாங்குவதில் இழிவு இருக்காது என்பது அவரது வாதத்தின் உயிர். அரசு ஆணையங்களில் சாட்சியாகவும் உறுப்பினராகவும் இருந்து வாதாடினார், புத்தகங்கள் எழுதினார், தாம் அதிகம் விரும்பாத தொழிற்சங்கத் தலைவர்களோடும் இந்த ஒரு கோரிக்கைக்காக ஒரே மேடையில் நின்றார். தனிமனித முயற்சியைப் போற்றிய வணிகரைப் பொது ஓய்வூதியத்தின் பக்கம் கொண்டுவந்தது கணக்குதான். எண்கள் தம் கொள்கையோடு மோதியபோது எண்களின் பக்கம் நின்றார்.

1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் நிறைவேறி, 1909 ஜனவரி முதல் நாளில் பணம் வழங்கத் தொடங்கினர். பூத் கேட்டது முழுமையாகக் கிடைக்கவில்லை. வயது 70 ஆக உயர்த்தப்பட்டது; வருமான வரம்பு விதிக்கப்பட்டது; நடத்தை பற்றிய நிபந்தனைகளும் இருந்தன. இருந்தும், லட்சக்கணக்கான முதியவர்கள் நிவாரண விடுதியின் வாசலுக்குப் போகாமல், அஞ்சலகத்தில் நின்று தம் உரிமைப் பணத்தைப் பெற்றார்கள். அதே 1908இல் உடல்நலக் குறைவால் ஏழையர் சட்ட ஆணையத்திலிருந்து பூத் விலகினார். 1916 நவம்பர் 23 அன்று லெஸ்டர்ஷயரில் உள்ள தம் வீட்டில் காலமானார்.

அவர் வழி தொடர்ந்தது. சீபோம் ரவுண்ட்ரீ யார்க் நகரில் வீடு வீடாகச் சென்று, உணவின் சத்தையும் விலையையும் கணக்கிட்டு, அங்கும் சுமார் 28 சதவீதத்தினர் வறுமையில் இருப்பதை 1901இல் காட்டினார். ஷில்லிங்கில் தளர்வாகப் போட்ட பூத்தின் கோடு இறுக்கமான வறுமைக் கோடாக மாறியது. உலகெங்கும் இன்று அரசுகள் பயன்படுத்தும் வறுமைக் கோடுகள் இந்த மரபின் வழிவந்தவை; இந்தியாவின் கோடும் விலக்கன்று. அதனால்தான் பூத்தின் வாழ்க்கையை லண்டனின் பழங்கதையாக மட்டும் என்னால் படிக்க முடிவதில்லை. நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய் செலவிட முடிந்தால் ஏழை அல்ல என்று 2011இல் திட்டக் குழு உச்சநீதிமன்றத்தில் சொன்னபோது நாடே கொதித்தது. கோபம் நியாயமானது, ஆனால் கோடு எங்கே இருக்க வேண்டும் என்ற விவாதத்தில், கோட்டுக்குக் கீழே ஒருவர் ஏன் தங்கிவிடுகிறார் என்ற விசாரணை காணாமல் போனது. பூத்தின் அந்தச் சிறிய அட்டவணைக்கு இணையான ஒன்றை நம் நகரங்களுக்கு யாரும் கேட்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 6.5 கோடிப் பேர் நகரக் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தனர். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டில் நடக்கவே இல்லை. முதியோர் உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு, 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழைகளுக்கு, பல ஆண்டுகளாக மாதம் 200 ரூபாய்.

கணக்கு எடுக்காத அரசுக்கு ஏழை கண்ணில் படுவதில்லை. கண்ணில் படும்போது அவர் வாழும் குடிசை மட்டும் படுகிறது, அகற்றவேண்டிய பொருளாக. பூத் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இரு பகுதிகள் கொண்டது. முதல் பகுதி அவர் செய்தது: தீர்ப்புச் சொல்லும் முன் எண்ண வேண்டும், எண்ணியபின் விடை நமக்குப் பிடிக்காவிட்டாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். இரண்டாவது பகுதி அவர் போதிய அளவு செய்யாதது: எண்ணப்படும் மனிதரிடமே கேட்க வேண்டும். ஒரு குடியிருப்பை எந்த நிறத்தில் தீட்டலாம் என்று அதிகாரிகள் கூடி முடிவெடுக்கும் முன், அந்தத் தெருவில் வாழ்பவருக்கு வேலை எங்கே இருக்கிறது, அங்கே போய்வர எவ்வளவு ஆகிறது, வாடகை எவ்வளவு வரை தாங்கும், வீட்டு முதியவருக்கு யார் துணை என்று கேட்டு எழுதினால் போதும். நூற்றாண்டுக்கு முன், கணினியோ அரசு நிதியோ இல்லாமல், ஒரு கப்பல் வணிகர் இதில் பாதியைச் செய்து காட்டினார். மீதிப் பாதி நம் பொறுப்பு.